மாரிக்குப் பிறகு சைக்கிளுக்கு ஒரு மணித்தியாலம்



மாரி ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கிவிட்டது. இந்த நாட்களில் வகுப்பில் இரண்டு மூன்று கதிரைகள் காலியாகக் கிடக்கும். ஏன் வரவில்லை என்று மறுநாள் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "சைக்கிள் ஓடுதில்ல சேர்." மழையில் நனைந்த சைக்கிளை அப்படியே சுவரில் சாத்திவிட்டார்கள். அது கறள் ஏறி இறுகிவிட்டது. கடையில் கொடுக்கக் காசு சேரும்வரை பிள்ளை வீட்டில் நிற்கிறது.

2022 ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மோட்டார் சைக்கிளில் திரிந்த நாங்களும் அந்த நாட்களில் வாப்பாமாரின் பழைய சைக்கிள்களைத்தான் தேடி எடுத்தோம். புதிதாக வாங்க நினைத்தால் விலை கையைச் சுட்டது. கறளைத் தேய்த்துக் கழற்ற அப்போதுதான் கை பழகியது. தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் எங்கள் ஊரின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. நடுவில் ஒடுங்கிய மணல் தரையில் காத்தான்குடி. இரும்பு கறள் பிடிக்க ஈரமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். வகுப்பில் நாலு ஆணிகளை வைத்து இதைக் காட்டுவோம்: ஒன்று காய்ந்த போத்தலில், ஒன்று தண்ணீரில், ஒன்று உப்புத் தண்ணீரில், ஒன்று எண்ணெய் பூசியபடி. எது முதலில் சிவக்கும் என்று பிள்ளைகளே சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பின்னேரம் அதே பிள்ளைகள் வாவிக்கரையில் சைக்கிளை இறக்கிக் கழுவுவார்கள்!

இனி வேலைக்கு வருவோம்.

ஹேண்டில், றிம், மட்காட் போன்ற பளபளக்கும் பாகங்களில் மண்ணிறப் புள்ளிகள் தெரிந்தால், சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மென்மையானது. அதனால் மினுக்கம் கீறுப்படாது. பானை தேய்க்கும் கம்பியை எடுக்க வேண்டாம். அது பூச்சைக் கிழித்துவிடும், அடுத்த மாரியில் அந்தக் கீறல் வழியாகவே கறள் ஏறும்.

நட்டு, போல்ட், பெல் மூடி போன்ற சின்ன இரும்புச் சாமான்களைக் கழற்றி, ஓர் இரவு வினாகிரியில் ஊற வையுங்கள். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் கழன்று வரும். கழற்ற முடியாத இடத்தில் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். சிலர் அதோடு உப்பும் சேர்ப்பார்கள். நாங்கள் சேர்ப்பதில்லை, விரட்டப் பார்ப்பதே உப்பைத்தானே. கழிவறை கழுவும் அமிலத்தை மட்டும் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். பூச்சும் போகும், பிள்ளையின் கையும் புண்ணாகும்.

புளி பட்ட பாகத்தை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறையும், உப்பில்லாத நல்ல தண்ணீரால் இன்னொரு முறையும் கழுவுங்கள். பிறகு துணியால் துடைத்து வெயிலில் காய வையுங்கள். காய்ந்த கையோடு எண்ணெய் பூசுங்கள். பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுவார்கள். தேய்த்து வெளுத்த இரும்பு வெறும் மேலோடு நிற்கிறது. எண்ணெய் பூசாமல் விட்டால் ஓரிரு நாளில் திரும்பவும் சிவந்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. எங்கள் ஊரில் அநேக வீடுகளில் அது இருக்கும். றிம்மில் பிரேக் கட்டை படும் பக்கத்தில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

செயினை வினாகிரியில் போடாதீர்கள். மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால் கழுவி, உலர்ந்த பின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்து விடுங்கள். மண்ணெண்ணெய் வேலையை அடுப்புக்குத் தூரமாக, முற்றத்தில் செய்யுங்கள்.

இதெல்லாம் மேலோட்டமான கறளுக்குத்தான். நகத்தால் சுரண்டினால் தட்டுத் தட்டாக உரிந்தாலும், இரும்பில் குழி விழுந்திருந்தாலும், செயின் கண்ணி மடங்காமல் நின்றாலும், ஸ்போக் கம்பி அடியில் மெலிந்திருந்தாலும் கடைக் காக்காவிடம் கொண்டு போங்கள். முன் ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் சந்தேகம் இருந்தால் அந்தச் சைக்கிளில் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். 1924இல் கட்டிய கல்லடி லேடி மெனிங் பாலம் வாவிக்கு மேலேயே இன்னும் நிற்கிறது. அதற்குப் பெயின்ற் காவல் என்றால், சைக்கிளுக்கு வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணி காவல். ஐந்து நிமிட வேலை. கையில் இருப்பதை விரயமாக்காமல் பேணுவதும் எங்கள் மார்க்கம் சொன்னதுதானே.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் பிரஷ்ஷும் தேசிக்காயும் எண்ணெயும் இருக்கும், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகள் சைக்கிளோடு வரட்டும். தேய்ப்பது அவர்கள், பக்கத்தில் நிற்பது நாங்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அந்தப் பிள்ளையையும் கையோடு கூட்டி வாருங்கள். சைக்கிள் ஓடாவிட்டால் உருட்டிக்கொண்டே வரலாம்.