மணலில் எழுதிய மாணாக்கர்

சாக்சனி நாட்டிலுள்ள புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் 1682 ஆம் ஆண்டிற் பிறந்தவர் சீகன்பால்கு. இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். அடிக்கடி நோய்வாய்ப்பட்ட மெலிந்த உடலினர். அத்தகையவரையே டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு, சமயத்தொண்டு புரியுமாறு தரங்கம்பாடிக்கு அனுப்பத் துணிந்தார். சோழநாட்டுக் கடற்கரையிலுள்ள அவ்வூர் 1620 முதல் டேனியர் வசம் இருந்தது. புளூட்சோ என்பவர் வழித்துணையாயினார்.

1705 நவம்பர்த் திங்களில் கோபன்கேகன் துறையினின்றும் கப்பல் புறப்பட்டது. சூயசுக் கால்வாய் வெட்டப்படாத காலம் அது! நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏழு திங்களுக்கு மேல் கடலில் மிதந்து, 1706 சூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. தரங்கம் என்பது அலை. அலைகடல் கடந்தவர்க்கு அலையின் பெயர் கொண்ட ஊரே கரையாயிற்று!

ஆனால், அங்கிருந்த டேனியத் தலைவர் முகமலர்ந்து வரவேற்றாரில்லை. ஊராரோடு அளவளாவவோ மொழி தெரியாது. என் செய்வார்? முதிய தமிழாசிரியர் ஒருவரை அணுகி, அவர்தம் பள்ளியையே தம் இல்லத்துக்கு வருவித்தார். சிறுவர்கள் எழுத்தின் ஒலியை உரக்கக் கூறிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவர். பல்கலைக்கழகம் கண்ட அவ்விளைஞரும் அவர்களோடு தரையில் அமர்ந்து, அவ்வாறே எழுதிப் பழகினார். பிறமொழி கற்பார்க்கு இதனினும் நல்வழி உண்டோ? அப்போது அவருக்கு வயது 24.

ஈராண்டு கழிந்த அளவில், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். 1715 இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சேறி முடிந்தது. 1719 இல், 36 ஆம் வயதில், அவர் மறைந்தார். அவ்வூரில் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது.