ஹீட்டர் சொன்ன சேதி

"அம்மா, கால் ஜில்லுனு இருக்கும்மா!"

பின் ஸீட்டிலிருந்து என் மூன்று வயது மகள் அழ ஆரம்பித்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில். ஜனவரி மாதக் காலை. புல்தரையெல்லாம் உப்பைத் தூவினாற்போல் உறைபனி. காரில் ஹீட்டரை முழுக்கத் திருப்பியும் காற்று பச்சைத் தண்ணீர் மாதிரி வந்தது. எங்கள் மூச்சே முன் கண்ணாடியில் படிந்து பாதையை மறைத்தது. ஓரமாக நிறுத்துவதும், துடைப்பதும், மறுபடி கிளம்புவதுமாக நர்ஸரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

எங்களுடையது பதினைந்து வருஷத்துப் பழைய சின்னக் கார். "ஹீட்டர்தானே? குழந்தைக்கு இன்னொரு ஸ்வெட்டர் போட்டு விடேன். சம்பளம் வரட்டும், பார்க்கலாம்" என்றார் என் கணவர். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், "உள்ளே ஹீட்டரே போய்விட்டது. டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகை!

மத்தியானம் திருச்சிக்கு, அப்பாவுக்கு ஃபோன் செய்து அழாத குறையாகச் சொன்னேன். அப்பா பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கார் ஹீட்டரை நான் ரிப்பேர் பண்ணினதே இல்லைம்மா. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு? ஆனா அதுக்குச் சூடு எங்கேர்ந்து வருது, அதைச் சொல்லு" என்றார்.

எனக்கு எங்கே தெரியும்? அப்பாவே விளக்கினார். ஹீட்டர் தனி அடுப்பு இல்லையாம். என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீர் சூடாகி, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. ஃபேன் அதன்மேல் ஊதுவதுதான் நமக்கு வெதுவெதுப்பாக வருகிறது. ஆக, ஹீட்டர் என்ஜினிடம் கடன் வாங்கிப் பிழைக்கிறது!

"வண்டி ஓடறப்போ கொஞ்சம் சூடு வந்து, சிக்னல்ல நின்னா போயிடுதா?"

யோசித்தேன். அட, ஆமாம்!

"அப்போ தண்ணி குறைஞ்சு காத்து புகுந்திருக்கும். முதல்ல அதைப் பாரு."

என்ஜின் நன்றாக ஆறியபின் பானெட்டைத் திறந்தேன். கூலன்ட் தொட்டியில் இரண்டு கோடுகள் உண்டு. திரவம் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. காருக்கு உரிய கூலன்டை வாங்கி ஊற்றினேன். இரண்டு நாள் சுகமான சூடு. மூன்றாம் நாள் பழைய குருடி, கதவைத் திறடி! அளவும் மறுபடி இறங்கியிருந்தது.

"ஊத்தினது எங்கே போச்சு? அதைக் கண்டுபிடி" என்றார் அப்பா.

டார்ச் அடித்துத் தேடினேன். ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் ஓரத்தில், இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்புப் போல ஒரு படிவு. அங்கேதான் கசிவு! வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். குழாயை மாற்றி, காற்றை வெளியேற்றிக் கொடுத்தார். முன்பு கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "இப்படியே ஓட்டியிருந்தால் தண்ணீர் வற்றி, என்ஜின் கொதித்துப் பாழாகியிருக்கும்" என்றார் அவர். எனக்குத் திக்கென்றது.

குளிர் நாட்டில் இருக்கும் சகோதரிகளுக்காக, அப்பா சொன்ன மற்றவற்றையும் சொல்லி விடுகிறேன். தண்ணீர் சரியாக இருந்தும் சூடு வரவில்லையா? என்ஜின் சூடானபின் அதை நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குப் போய் வரும் இரண்டு குழாய்களையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால், உள்ளே அடைப்பு இருக்கலாம். இரண்டுமே சுட்டால், காற்றைத் திருப்பும் உள் கதவில் கோளாறு இருக்கலாம். வெகுதூரம் ஓட்டியும் உஷ்ணமானி முள் ஏறவே இல்லையென்றால், தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றிருக்கலாம். காருக்குள் தித்திப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, கால் விரிப்பில் ஈரம் என்றால் குட்டி ரேடியேட்டரே ஒழுகுகிறது.

ஜாக்கிரதை! சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் பீறிடும். என்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகச் சுழலக்கூடும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் பத்திரம். மூடிய கராஜில் என்ஜினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும். கூலன்ட் தித்திக்கும், ஆனால் கொடிய விஷம். சிந்தினால் உடனே துடைத்து, டின்னைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஹீட்டர் இல்லையே என்று குழந்தைக்குத் தடித்த கோட்டு மாட்டி ஸீட் பெல்ட் போடாதீர்கள். பெல்ட் இறுகப் பிடிக்காது. பெல்ட்டை மாட்டியபின் மேலே போர்வை போர்த்துங்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது என் கணவர் சொன்னார்: "நல்லவேளை, என் பேச்சைக் கேட்டு ஸ்வெட்டரோடு நிறுத்தாமல் இருந்தாயே!"

இப்போது மாதம் ஒருமுறை, சமையலறை டப்பாக்களில் எது குறைந்திருக்கிறது என்று பார்க்கிற மாதிரி, பானெட்டைத் திறந்து அந்த இரண்டு கோடுகளையும் பார்த்து விடுகிறேன்.