ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

கதை எழுதுகிறவனிடம் சிபாரிசுக்கு வருகிறவர்கள் உண்டு. கைமாற்றுக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. ஆனால், "சித்தப்பா, ஒரு கேம் ஷாஃப்ட் தேர்ந்தெடுக்கணும், கூட வாங்க" என்று ஒரு நாவலாசிரியனை அழைத்தவன், எனக்குத் தெரிந்து, என் அண்ணன் மகன் ஒருவன்தான்.

அண்ணன் வைத்திருந்தது 1982-ஆம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி. பெயர்தான் பத்மினி, வீட்டில் எல்லாரும் 'ஃபியட்' என்றுதான் சொல்லுவோம். 1089 சி.சி. எஞ்சின். 1937-ல் இத்தாலியில் பிறந்த வமிசம் அது. எப்படியோ வந்து மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. 2019-ல் அண்ணன் காலமானான். அதற்குப் பிறகு அந்தக் கார் அண்ணியை வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், மாதம் ஒரு முறை கண் டாக்டரிடமும் அழைத்துப் போவதோடு தன் கடமையை முடித்துக்கொண்டது.

பையனுக்கு அது போதவில்லை. காரை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டு போகவேண்டும் என்றான். அங்கே 1990-ல் திறந்த 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. காசு கட்டிவிட்டுச் சொந்தக் காரையே அதில் ஓட்டிப் பார்க்கச் சில நாட்கள் அனுமதிப்பார்கள். கோயிலுக்கும் போகவேண்டும், பந்தயப் பாதையிலும் ஓடவேண்டும். அதற்குத் தகுந்தாற்போல் எஞ்சினில் ஒரு கேம் ஷாஃப்டைப் புதிதாக வெட்டி வைக்கவேண்டும் என்பது அவன் திட்டம்.

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?" என்றேன்.

"ஆமாம் சித்தப்பா, அதேதான்" என்றான், நான் ஏதோ புகழ்ந்துவிட்டாற்போல.

கோயமுத்தூருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டாள். "தம்பி, கூடப் போறீங்க. அவன் ஆசைப்படறதைச் செய்யட்டும். ஆனா அந்தச் சத்தத்தை மட்டும் மாத்திடாம பார்த்துக்கோங்க" என்றாள்.

"எந்தச் சத்தம் அண்ணி?"

"தெருவிலே எத்தனையோ ஃபியட் இருந்துச்சு ஒரு காலத்துலே. எல்லாம் ஒரே மாதிரி ஓடும். உங்க அண்ணன் வண்டி மட்டும் நிக்கறப்போ ஒரு துளி நொண்டும். முனையிலே திரும்பறப்பவே தெரிஞ்சுடும். தோசைக் கல்லை அடுப்பிலே போட்டுடுவேன்."

ஆக, பையனுக்குத் துணையாகவும், அண்ணிக்குத் தூதுவனாகவும், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு நான் காரில் ஏறினேன். எனக்கும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான்.

வழியெல்லாம் எனக்கு அண்ணன் நினைவு. 1974-ல் என்னைச் சோழவரத்துக்கு அழைத்துப் போனான். யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. பந்தயம் அன்று அங்கேதான் நடந்தது. எனக்குப் பதினாலு வயது. புழுதியும் சத்தமும் வேர்க்கடலையும்தான் என் ஞாபகத்தில் நிற்கின்றன. அண்ணன் வேர்க்கடலையைத் தொடவில்லை. கார்கள் போன பிறகும் அவை போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒரு நாள் நானும் ஓட்டணும்டா" என்றான். ஓட்டவில்லை. பாங்கி உத்தியோகம், மூன்று தங்கைகளின் கல்யாணம், அப்பாவின் பக்கவாதம் என்று அவன் வாழ்க்கை வேறு பாதையில் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பற்றி அவன் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. குறைப்படாத மனிதர்களைப் பற்றி நாம் விசாரிப்பதும் இல்லை.

விழுப்புரம் தாண்டும்போது பையன் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். கேம் ஷாஃப்ட் என்பது ஓர் இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மூக்குகள் இருக்கும். தண்டு சுழலும்போது மூக்கு வந்து தள்ளுகிற நேரத்தில் வால்வு திறக்கும். மூக்கு நகர்ந்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. எப்போது மூச்சு இழுக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்பதை எஞ்சினுக்குச் சொல்லித் தருவது அந்த மூக்கின் வடிவம்தான். "எஞ்சினோட சுபாவமே அதுலேதான் இருக்கு சித்தப்பா" என்றான். சுபாவம் என்றதும் எனக்குச் சற்று அக்கறை பிறந்தது. அது நம் தொழில் அல்லவா?

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அதன் சொந்தக்காரருக்கு எழுபது வயதிருக்கும். மேஜையில் ஒரு தூக்குச் சட்டியும், சாணைக்கல் பொடி படிந்த நோட்டுப் புத்தகமும் இருந்தன. பையன் தான் எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தை நீட்டினான். அதில் 300 டிகிரி என்று இருந்தது.

பெரியவர் அதைப் படிக்காமல் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, வண்டி எடை எவ்வளவுங்க? கியர் மாத்தியாச்சுங்களா? நூறு மணி நேரம் வண்டி ஓடுச்சுன்னா, அதுல எத்தனை மணி நேரம் ட்ராக்குல ஓடுமுங்க?"

பையன் கணக்குப் போட்டான். "ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அப்ப மிச்சம் தொண்ணூத்தெட்டு மணி நேரத்துக்குத்தானுங்க கேம் வெட்டோணும்."

பிறகு எனக்காகவும் கொஞ்சம் விளக்கினார். மேல் முனைக்குப் பிஸ்டன் வருவதற்கு 20 டிகிரி முன்னால் உள்ளிழுக்கும் வால்வு திறந்து, கீழ் முனையைத் தாண்டி 60 டிகிரியில் மூடினால், நடுவில் உள்ள 180-ஐயும் சேர்த்து மொத்தம் 260 டிகிரி. இது வீட்டுக்கும் ஆகும், கொஞ்சம் விளையாட்டுக்கும் ஆகும். 45 முன்னால் திறந்து 75 தாண்டி மூடினால் 300, அது பந்தயத்துக்கு. நேரம் அதிகம் திறந்திருந்தால் அதிகக் காற்று உள்ளே போகும் என்றுதானே நினைப்போம்? வேகமாகச் சுழலும்போது மட்டுமே அது சரி. அப்போது காற்று வருகிற வேகத்தில், பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் உள்ளே நுழைந்துகொண்டேயிருக்கும். மெதுவாகச் சுழலும்போது அதே காற்று வந்த வழியே வெளியே போய்விடும்.

"கல்யாண மண்டபத்து வாசல் மாதிரியுங்க. கூட்டம் நெருக்கிட்டு வர்றப்ப கதவை நேரங்கழிச்சுச் சாத்துனா நாலு பேர் அதிகமா உள்ள வருவாங்க. கூட்டமே இல்லாதப்ப திறந்து போட்டா, உள்ள இருக்கறவங்களும் எந்திரிச்சுப் போயிருவாங்க."

இன்னொன்றும் இருந்தது. புகை வெளியேறும் வால்வு மூடுவதற்கு முன்பே உள்ளிழுக்கும் வால்வு திறந்துவிடுகிறது; சிறிது நேரம் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கின்றன. 260-ல் அந்த நேரம் 40 டிகிரி என்றால், 300-ல் அது 90. நிற்கும்போது பழைய புகையும் புதுக் காற்றும் கலந்து எஞ்சின் குலுங்கும்; அணைந்துகூடப் போகும். பந்தயப் பாதையில் சிக்னல் கிடையாது. லஸ் முனையில் உண்டு. அதோடு, நேரங்கழித்து மூடினால் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட ஹெட்டைச் சீவவேண்டும். ரொம்பச் சீவினால் எஞ்சின் தட்டும். ஸ்பிரிங்கை முரட்டுத்தனமாக மாற்றவேண்டும். அது மூக்கைத் தேய்க்கும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொடவேண்டும்.

பையன் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க சொல்றது சரிங்க. ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தானே இதைச் செய்யறேன்? தொண்ணூத்தெட்டு மணி நேரத்துக்குன்னா வண்டி இப்படியே இருந்துட்டுப் போகலாமே. எங்கப்பா வாழ்நாள் முழுக்க அந்தத் தொண்ணூத்தெட்டு மணி நேரத்துக்காகவே ஓட்டினாரு. நானும் அப்படியே இருக்கணுமா?"

அவன் குரல் கொஞ்சம் கம்மியது. பெரியவர் என்னைப் பார்த்தார். அண்ணியின் தூதைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். என்னால் சொல்ல முடியவில்லை. சோழவரத்தில் வேர்க்கடலையைத் தொடாமல் நின்ற முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு பேர் சொன்னதும் நியாயம். கதையில் இப்படி ஓர் இடம் வந்தால் அத்தியாயத்தை முடித்து 'தொடரும்' போட்டுத் தப்பிவிடுவேன். பட்டறையில் அந்தச் சௌகரியம் இல்லை.

"முதல்ல இருக்கற கேமைக் கழட்டிப் பார்த்துருவோமுங்க" என்றார் பெரியவர்.

மறுநாள் மத்தியானம் தண்டு வெளியே வந்தது. இரண்டு முனையையும் தாங்கலில் வைத்து, டிகிரி தட்டைப் பொருத்தி, டயல் கேஜின் முள்ளை மூக்கின்மேல் வைத்துச் சுற்றினார். நோட்டில் ஏதோ எழுதினார். மறுபடி சுற்றினார். எழுந்து போய் உள்ளேயிருந்து இன்னொரு பழைய ஃபியட் தண்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து அளந்தார்.

"இது கம்பெனிக் கேம் இல்லீங்க. யாரோ முன்னாலயே வெட்டியிருக்காங்க. 264 டிகிரி வருதுங்க. நல்ல கை."

கேம் வெட்டுவது என்றால் மூக்கில் இரும்பைச் சேர்ப்பது என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லையாம். மூக்கு இல்லாத வட்டப் பகுதியைச் சாணை பிடித்துக் குறைக்கிறார்கள். அது தாழ்ந்ததும் மூக்கு உயர்ந்ததாகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவனைத் தாழ்த்தித் தான் உயர்வது என்ற தத்துவம் எங்கள் இலக்கிய உலகத்துக்கே சொந்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அண்ணன் வண்டியின் தண்டில் வட்டம் குறைந்திருந்தது. ராக்கர் திருகுகள் வழக்கத்தைவிட அதிகமாக இறக்கப்பட்டிருந்தன. சந்தேகமே இல்லை.

பையன் என்னைப் பார்த்தான். "வண்டி வேற யார் கையிலும் இருந்ததில்லையே சித்தப்பா?"

இல்லை. எனக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. 1986-ல் அண்ணன், பாங்கியில் கூட வேலை செய்கிற ஒருவருடைய தங்கைக்குக் கோயமுத்தூரில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் காரில் போனான். இரண்டு நாளில் வருவதாகச் சொன்னவன் ஐந்தாம் நாள்தான் வந்தான். மழை என்றான்.

பட்டறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையன் அந்தத் தண்டை எடுத்து மூக்குகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினான். ஒன்றின் நுனி தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அந்த மனிதன் கடைசிவரை பந்தயப் பாதையில் சக்கரம் வைக்கவில்லை. ஆனால் பாங்கிக்கும், ரேஷன் கடைக்கும், எங்கள் தங்கைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவும் முப்பது வருஷத்துக்கு மேல் போய்வந்தபோதெல்லாம் வண்டிக்குள்ளே இது சுழன்றுகொண்டிருந்திருக்கிறது.

"இதையே மறுபடி வெட்ட முடியுமா?" என்று கேட்டான்.

"இதுல இனி இரும்பு இல்லீங்க. மேல்தோல்தான் கெட்டி, அதுக்குக் கீழ போனா மெத்து. சீக்கிரம் தேஞ்சிரும். வேற தண்டுல வெட்டலாமுங்க. சொல்லுங்க, எத்தனை?"

பையன் வெகுநேரம் யோசித்தான். 300 என்று சொல்லப்போகிறான் என்று நான் பயந்தேன். 264 என்று சொல்லிவிடுவானோ என்று, எதற்கென்று தெரியாமல், அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

"272. அப்பாவுக்கு மேலே எட்டு டிகிரி மட்டும்."

பெரியவர் சிரித்தார். "புள்ளைன்னா அப்படித்தானுங்க இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் ரயிலில் திரும்பிவிட்டேன். பையன் இருந்து பார்த்தான். பிஸ்டன்மேல் களிமண்ணை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, வால்வு எவ்வளவு அழுந்துகிறது, இடிக்குமா என்று பார்த்தார்களாம். முதன்முதல் கிளப்பியதும் சும்மா நிற்கவிடாமல் 2000 சுற்றுக்குமேல் இருபது நிமிஷம் ஓட்டினார்களாம். அந்த இருபது நிமிஷத்தில்தான் மூக்கும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுமாம். புது மருமகளை முதல் நாளே சும்மா உட்காரவைக்கக்கூடாது என்று என் பாட்டி சொல்லுவாள். அதற்கு இப்படி ஒரு விஞ்ஞானம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திராது.

அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டைக்கும் போனோம். புதுக் கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. பையன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லி அதை விட்டுவிடுகிறேன்: 1974-ல் நான் பார்த்த முகம் அது, ஆனால் ஏக்கம் இல்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தி, வண்டி கோயமுத்தூரிலிருந்து திரும்பிய ராத்திரியைப் பற்றி. நான் அண்ணியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாத தூதுவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தெருமுனையில் வண்டி திரும்பியது, நின்றது, யாரோ சைக்கிளில் போக வழிவிட்டது. நொண்டியது. முன்பைவிட ஒரு துளி அதிகமாகவே நொண்டியது.

அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "மாத்திட்டீங்க" என்றாள்.

"அண்ணி, அது வந்து..."

"பரவாயில்லை. அப்பவும் இப்படித்தான் மாறுச்சு. கோயமுத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போறேன்னு போனாரே, அப்போ."

நான் திகைத்துப் போனேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்குப் போனவர் ஒரு தாம்பூலப் பைகூட இல்லாம வந்தா தெரியாதா? வண்டியும் வேற மாதிரி சத்தம் போட்டுது."

"கேட்கவே இல்லையா, அண்ணி?"

"கேட்டா எவ்வளவு செலவாச்சுன்னு சொல்ல வேண்டி வரும். பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, தோசைக் கல்லை அடுப்பில் போட அண்ணி உள்ளே போனாள்.