எத்தனை கறக்கும்?

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாடு வாங்கப் போகிறவனைக் கண்டால் ஊரார் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கறக்குமாம்?" என்பது. சென்னையில் பழைய கார் வாங்கப் போகிறவனையும் ஏறக்குறைய அதே கேள்விதான் துரத்துகிறது. "எத்தனை கொடுக்குமாம்?" நிறம், வயது, பூர்வோத்தரம் எல்லாம் பின்னால்தான். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும்; கேட்டவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நான் பழைய கார் தேடப் புறப்பட்டதற்குக் காரணம் என் அக்கா. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. அத்திம்பேர் போன பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள். தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவளை அதட்டி அழைத்து வர எனக்கு வாய் எழவில்லை. ஆகவே மாதம் ஒரு தடவையாவது நான்தான் போக வேண்டும். இரவில் டெலிபோன் வந்தால் ரயிலுக்குக் காத்திருக்க முடியாது. முழங்கால்கள் இரண்டும் போய்விட்டதால் அவளால் பஸ் படி ஏறவும் முடியாது. என்னிடம் இருந்ததோ, புத்தகங்கள் கொடுத்ததும் பாங்கியில் மிச்சமிருந்ததும் சேர்ந்து நாலு லட்சத்துச் சொச்சம்.

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. என் வீட்டில் அது சட்டமாகவே இருக்கிறது. ஆனாலும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கும்பகோணம் போக வர ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அங்கே சுற்ற ஓர் ஐம்பது. வருஷத்துக்கு 7,800. லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி 520 லிட்டர் குடிக்கும். 20 கொடுப்பது 390. லிட்டர் நூறு ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 13,000 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்துக்காக ஒரு லட்சம் அதிகம் கொடுத்து வாங்கினால், போட்ட பணம் திரும்ப ஏழரை வருஷம் ஆகிறது. இன்னொரு வேடிக்கை: 20-லிருந்து 25-க்குப் போனாலும் அதே ஐந்துதான் கூடுகிறது, மிச்சமாவதோ வெறும் 78 லிட்டர். எண் பெரிதாக ஆக அதன் மவுசு கூடுகிறது, உபயோகம் குறைகிறது.

"டீசலாகப் பாருங்கள், ஸார்" என்றார்கள் நண்பர்கள். ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1,248 சி.சி. இன்ஜின் ஃபியட் கம்பெனியின் படைப்பு; சிக்கனத்தில் கெட்டிக்காரன்தான். ஆனால் 2014 அக்டோபரில் சர்க்கார் டீசல் விலையின் கயிற்றை அவிழ்த்துவிட்ட பிறகு பெட்ரோலுக்கும் அதற்கும் முன்போல் அத்தனை வித்தியாசம் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகையால் சந்தைக்கு வருகிற அதன் சின்ன டீசல் வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தியவை. ஓடிக் களைத்தவையே அதிகம். இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை படுத்துக்கொண்டால் பல வருஷத்து மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது சரி. எனக்கு எதற்கு?

சரி, மிகச் சின்னதாக, ஆல்டோ மாதிரி 796 சி.சி.யில் வாங்கலாமா? டவுனுக்குள் அதற்கு நிகரில்லை. பண்ருட்டியைத் தாண்டிக் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மூன்று பேரும் மூட்டையும் ஏ.சி.யுமாக முந்தப் பார்க்கும்போதுதான் இன்ஜின் மூச்சு வாங்குவது தெரியும். அந்தச் சமயத்தில் கொஞ்சம் பலம் கையிருப்பில் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 2019-ல்தான் ஓட்டுகிறவருக்கு ஏர்-பேக் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முந்திய மலிவு வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. இதை எந்தத் தரகரும் தானாகச் சொல்வதில்லை.

கம்பெனிக்காரர்கள் போடுகிற மைலேஜ் பொய் அல்ல. அது சோதனைச்சாலையில் உருளைகளின்மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்த எண். அங்கே எதிர்க்காற்று இல்லை, வேகத்தடை இல்லை, ஆட்டுமந்தை இல்லை. சாலையில் நிலைமை வேறு. 80-ல் போகிறவன் 100-ல் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. பாதி மைலேஜ் வலது காலில்தான் இருக்கிறது.

நான் கார் தேடுகிற சமாசாரம் அக்கா காதுக்கு எட்டியது. டெலிபோனில் கேட்டாள்: "அவன் சொன்னா ஆச்சா? நீ கறந்து பாத்தியோ?"

அக்கா அந்தக் காலத்தில் எட்டு மாடு வாங்கி விற்றவள். முந்தின வேளை கறக்காமல் விட்டு, மடியை நிறைத்துக் காட்டுகிற தந்திரமெல்லாம் அவளிடம் பலிக்காது. இரண்டு வேளையும் தன் கண்ணெதிரே கறக்கச் சொல்லுவாள். கார்க்காரர்களிடமும் இதே தந்திரம் உண்டு. நாம் போவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பி இன்ஜினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான இன்ஜின் நோயை மறைத்துவிடும். ஆகவே எனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே போய் நின்றேன்.

அந்த மனிதர் பானெட்டில் கை வைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் திருகினார். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோல் வீணாகிறது என்றார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் காட்டினார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் இருபத்துமூன்றாம் வாரம் பிறந்த டயர். ஒரு வண்டியில் மீட்டர் 38,000 காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "மீட்டர் சின்னப் பையன், பெடல் தாத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். சிறிது தூரம் ஓட்டியபின் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். அந்த வண்டி என்ன செய்தாலும் சிக்கனமாக ஓடாது.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று பெட்ரோல் ஸ்விஃப்ட். மற்றது உயரமான கூடுள்ள வாகன் ஆர், 2019-ல் வந்த 1,197 சி.சி. இன்ஜின், முன்னால் இரண்டு ஏர்-பேக். அக்கா சொன்னபடி இரண்டையும் கறந்து பார்த்தேன். பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, செங்கற்பட்டு போய்வந்து, அதே குழாயில் மறுபடி நிரப்பினேன். ஸ்விஃப்ட் 20 கொடுத்தது. மற்றது 112 கிலோமீட்டருக்கு 6.6 லிட்டர், அதாவது 17. 22 கொடுக்கும் என்று சத்தியம் பண்ணிய தரகர் எதிர்க்காற்றின்மேல் பழி போட்டார். போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது என்ன காற்று என்று நான் கேட்கவில்லை.

ஸ்விஃப்டில் பின் ஸீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். குனிந்து, தாழ்ந்து, அப்புறம் முழங்காலில் பாரம் கொடுத்து எழுந்திருக்க வேண்டியிருந்தது. வாகன் ஆரில் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து எழுந்திருக்கலாம். மறுபடி பென்சிலை எடுத்தேன். 17-க்கும் 20-க்கும் நடுவே வருஷத்துக்கு 69 லிட்டர். மாதம் 575 ரூபாய். அதைக் கொடுத்துவிடுவது என்று வாகன் ஆரை வாங்கினேன். 2019-ல் நடந்த குளோபல் என்காப் மோதல் சோதனையில் அது வாங்கியது இரண்டே நட்சத்திரம் என்பதும் எனக்குத் தெரியும். எண்பதுக்கு மேல் போவதில்லை.

முதல் பிரயாணத்தில் அக்கா வாசற்படியிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, யார் கையும் படாமல் ஏறி உட்கார்ந்தாள். ஸீட்டைத் தடவிப் பார்த்தாள். "வலங்கைமான் எத்தனை தூரம் இருக்கும்டா?" என்றாள். பத்துக் கிலோமீட்டர்தான் என்றேன். அங்கே அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி இருக்கிறாளாம். பார்த்து எட்டு வருஷம் ஆயிற்றாம். போனோம். இருட்டுகிற வரைக்கும் இரண்டு கிழவிகளும் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து, டயருக்குக் காற்றுப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.