இரண்டு அங்குலம்

பிக்கப் வாகனங்களின் உயரத்தைக் குறைத்து ஓட்டுவது இளவட்டங்களின் பொழுதுபோக்கு என்றே நீண்டகாலம் எண்ணியிருந்தேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அது ஒரு கலாசாரமாகவே வளர்ந்தது. சக்கர வட்டின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக வாகனத்தின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்று அங்கு 1958 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2024 ஜனவரியில்தான் நீங்கியது. இதனைச் செய்தியாக மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அதே வேலையை என் வாகனத்திற்கும் செய்விக்கும் தேவை வந்தது. காரணம் 84 வயதான என் தாயாரின் முழங்கால்.

எங்களிடம் இருப்பது தோட்டத்துக்கு எருவும் வெங்காயமும் ஏற்றிய பழைய ஜப்பானிய பிக்கப். மாதந்தோறும் கிளினிக் செல்ல அம்மாவுக்கும் அதுவே வாகனம். முக்காலி வைத்துப் பார்த்தோம், சறுக்கியது. பின்னர் இருவர் தூக்கி ஏற்றினோம்.

“என்னை வெங்காயச் சாக்குமாதிரித் தூக்கி ஏத்தாதை தம்பி. நான் இனிக் கிளினிக்குக்கு வரேல்லை” என்று ஒருநாள் சொல்லிவிட்டார். சொன்னபடியே அடுத்த மாதம் வரவில்லை.

பிக்கப்பை விற்றுக் கார் வாங்கலாமே என்றார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலையே என்போன்றவருக்கு எட்டாததாகிவிட்டது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும் வரிச்சுமை அந்த ஆசையை அனுமதிக்கவில்லை. ஆகவே வாகனத்தையே இரண்டு அங்குலம் இறக்கிவிடத் தீர்மானித்தேன்.

முதலில் சென்ற கராஜில் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு தகடுகளைக் கழற்றினார்கள். மிகுதியைத் தீயில் காய்ச்சி வளைவை நிமிர்த்தினார்கள். செலவும் சொற்பம். ஆனால் வேகம் அறுபதைத் தொட்டதும் இருக்கையின் அடியில் ஓர் அதிர்வு எழுந்தது. “வண்டிக்கும் காய்ச்சலோ, நடுங்குது” என்றார் அம்மா. பள்ளத்தில் இறங்கினால் பின்அச்சு சட்டத்தில் மோதிற்று.

பின்னர் முதிய மெக்கானிக் ஒருவரைத் தேடிச் சென்றேன். வாகனத்தின் அடியில் படுத்தெழுந்தவர், பேரனின் பள்ளிக்கூடப் பாகைமானியை எடுத்துவரச் சொன்னார். அதன் நடுவில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டார். அதுதான் அவருடைய அளவுகருவி.

“தம்பி, காய்ச்சின ஸ்பிரிங் செத்த ஸ்பிரிங். அது உருக்கின்ரை உயிரை எடுத்துப்போடும். எப்பவெண்டாலும் றோட்டிலை முறியும்” என்றார். அதிர்வுக்கான காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்.

கியர்பொக்ஸிலிருந்து பின்அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டில் யூனிவேர்சல் ஜொயின்ற் என்னும் மூட்டுகள் உள்ளன. சரிவாகச் சுழலும் மூட்டு, ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். முன்மூட்டின் கோணமும் பின்மூட்டின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன்செய்துவிடும். காய்ச்சிய ஸ்பிரிங் அச்சைச் சற்றே உருளச் செய்து, டிபரென்சியலின் மூக்கைத் திருப்பிவிட்டது. சமநிலை குலைந்தது, நடுக்கம் பிறந்தது. அப்படியே ஓடினால் மூட்டுகளும் தாங்கிகளும் விரைவில் தேய்ந்துபோகும்.

பழைய உதிரிப்பாகக் கடையில் அதே வகை ஸ்பிரிங் வாங்கிப் பூட்டினோம். எங்கள் வாகனத்தில் ஸ்பிரிங் அச்சின் கீழே இருப்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு அங்குல இரும்புக் கட்டையை வைத்தார். வாகனம் அவ்வளவே இறங்கிற்று. ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கும் வாகனத்தில் இதே கட்டை உயரத்தைக் கூட்டிவிடும் என்பதையும் சொன்னார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டைகளை அடுக்கக்கூடாது, மரக்கட்டை கூடவே கூடாது, யூ போல்ற்றுகள் நீளமானவையாகப் புதிதாக இருக்கவேண்டும் என்பன அவரது கண்டிப்பான விதிகள்.

அச்சு நேராக மேலே வந்தாலும் வேலை முடியவில்லை. எங்கள் தண்டு இரண்டு துண்டானது. முன்துண்டு அசையாதிருக்க, பின்துண்டின் சரிவு மட்டும் மாறியிருந்தது. நடுத்தாங்கியின் உயரத்தைத் தகடுகளால் திருத்தி, அச்சில் மெல்லிய ஆப்புத் தகடு செருகி, மறுபடியும் நூலைத் தொங்கவிட்டார். இரு கோணங்களும் ஒரு பாகைக்குள் ஒத்துவந்த பிறகே எழுந்தார். கோணம் அறவே இல்லாமற் போவதும் நல்லதல்லவாம். மூட்டினுள் இருக்கும் ஊசி உருளைகள் அசையாமல் ஒரே இடத்தில் பதிந்து தேயும்.

முன்பக்கத்தில் டோர்ஷன் பாரின் திருகை இருபுறமும் ஒரேயளவு தளர்த்தியதோடு சரி, அதற்குச் செலவில்லை. சக்கரங்களின் நேர்சீரையும் முன்விளக்குகளையும் திருத்தினோம். சுமைக்கேற்பப் பின்பிறேக்கை மாற்றும் வால்வையும் அவர் மறக்கவில்லை. அச்சு நெருங்கினால் அது பாரம் ஏறியதாகக் கருதி அழுத்தத்தைக் கூட்டும். மழைநாளில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிற்கும் ஆன செலவு, முதற் கராஜில் கொடுத்ததைவிட அதிகம். அந்தப் பணத்தையும் சேர்த்தால் நான் இருமுறை செலவழித்திருக்கிறேன். இனி வெங்காயமும் முன்போல் நிறைய ஏற்ற முடியாது. அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த இடைவெளியில் இரண்டு அங்குலத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோமல்லவா!

அடுத்த கிளினிக் நாளன்று அம்மா கதவின் கைபிடியைப் பற்றி, ஒருகணம் நின்று, தானாகவே ஏறி அமர்ந்தார். நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டார். வாகனம் அறுபதைத் தாண்டியபோது அவர் நடுக்கம் பற்றி எதுவும் சொல்லவில்லை. உறங்கிப்போயிருந்தார்.