கழித்த பிறகு மிஞ்சுவது

ஒரு புரோகிராம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்க்க புரொஃபைலர் போட்டால், அந்தப் புரொஃபைலரே அதை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கிவிடும். திரையில் வரும் எண்ணில் புரோகிராமின் பங்கு எவ்வளவு, அளக்க வந்ததன் பங்கு எவ்வளவு? இத்தனை வருட வேலையில் இந்தச் சந்தேகம் எனக்குத் தீர்ந்ததே இல்லை. அதனாலோ என்னவோ, மகம் நட்சத்திரத்தை அளந்த கதை ரொம்பப் பிடிக்கும்.

1946இல் சந்திரசேகர் ஒரு கணக்குப் போட்டார். சூடான விண்மீனின் ஒளி, அதன் மேலடுக்கில் இருக்கும் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும்போது ஒரு திசையில் மட்டும் கூடுதலாக அதிரும். தளவிளைவு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். விண்மீனின் விளிம்பில் இது 11 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் விண்மீன் சரியான உருண்டை என்றால் நாலாபக்க விளிம்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கு பூஜ்யமாகிவிடும். வட்டம் குலைந்தால்தான் ஏதாவது மிஞ்சும்.

மகம் அப்படிக் குலைந்த விண்மீன். பேய் வேகத்தில் சுழன்று இடுப்பு பிதுங்கியிருக்கிறது. ஆனாலும் மிஞ்சுவது பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். தொலைநோக்கியின் கண்ணாடியே ஏறக்குறைய அந்த அளவுக்குத் தளவிளைவை உண்டாக்கும்!

ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில், 3.9 மீட்டர் தொலைநோக்கியில் ஹிப்பி என்ற கருவியைப் பொருத்தியவர்கள் மூன்று வேலை செய்தார்கள். காற்று ஒளியை அசைத்துக் குழப்புவதற்குள் அளந்துவிட, திரவப் படிகம் ஒன்றை நொடிக்கு 500 முறை மாற்றிப்போட்டார்கள். கருவியையே நான்கு கோணங்களில் திருப்பினார்கள். வானத்திலிருந்து வருவது திசை மாறாது, கருவியின் பிழை கூடவே திரும்பும், ஆகவே கழித்துவிடலாம். கண்ணாடியின் பிழைக்கு, தளவிளைவு அநேகமாக இல்லாத பக்கத்து விண்மீன்களைப் பார்த்தார்கள். அவற்றில் என்ன தெரிகிறதோ அது தொலைநோக்கியின் சொந்தச் சரக்கு.

எல்லாம் கழித்து 2017இல் வந்த விடை: சிவப்பு ஒளியில் ஒரு திசை, நீலத்தில் அதற்குச் செங்குத்து. சுழலும் விண்மீனுக்குக் கோட்பாடு சொன்னதும் அதைத்தான். மகம் தன்னையே பிய்த்தெறியும் வேகத்தில் 96.5 சதவீதத்தில் சுழல்கிறது என்பதும் அதிலிருந்தே தெரிந்தது.

துல்லியம் என்றால் இன்னும் பெரிய கண்ணாடி, இன்னும் வேகமான சிப் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்களோ 1974இல் திறந்த பழைய தொலைநோக்கியை வைத்து, அது எவ்வளவு பொய் சொல்லும் என்பதை முதலில் அளந்தார்கள். மகம் அதற்குப் பிறகுதான்.