ஆயிலோடு ஃபில்டரையும் மாத்துங்க

ஆயில் மாற்றும்போதெல்லாம் "ஃபில்டர் அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசு கேட்பதில்லை.

பெரும்பாலான பைக்குகளில் பிஸ்டன், கியர், கிளட்ச் எல்லாவற்றையும் நனைப்பது ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டு தேய்ந்த தூள், கியர் உரசிய இரும்புப் பொடி எல்லாம் அதில்தான் மிதக்கும். (கார் ஆயிலை ஊற்றாமல் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று பார்த்து வாங்கச் சொல்வதும் கிளட்ச் இதே ஆயிலில் நனைவதால்தான், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கலாம்.) புல்லட், பல்சர் போன்ற வண்டிகளில் அந்தப் பொடியைப் பிடிப்பது மடிப்பு மடிப்பான ஒரு சின்னக் காகித ஃபில்டர். அது அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். வண்டி வழக்கம்போல ஓடும். வெளியே ஒன்றுமே தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

ஸ்ப்ளெண்டர்காரர்கள் காகித ஃபில்டரைத் தேட வேண்டாம். கம்பி வலையும், கிராங்கோடு சுழன்று கசடை ஓரம் ஒதுக்கும் அமைப்பும்தான் அதில். கழுவினால் போதும்.

இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, விரலால் ஆயில் தடவுங்கள். ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன்பே கவனியுங்கள். போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள், அலுமினிய மரை சட்டென்று போய்விடும். பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கேனில் பிடித்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.